ஒளி மங்கிய முத்து: அரிப்புக் கரையும் மெருகேற்றற் கலையும்

மன்னார்க் கரையின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் முத்துக்குளிப்போடு தொடங்கி அதனோடே முடித்துவிடுவர். எத்தனை தோணிகள் கடலுக்குச் சென்றன, எத்தனை இலட்சம் சிப்பிகள் கரைக்கு வந்தன, அரசுக்கு எத்துணை வருமானம் கிடைத்தது என்பனவே அவர்தம் ஏடுகளை நிரப்பி நிற்கின்றன. கடலினின்று எடுக்கப்பட்ட முத்து எவர் கையில் முத்தாயிற்று, நாட்பட்டு ஒளி மங்கியபோது எவர் கையில் மீண்டும் ஒளி பெற்றது என்னும் வினாக்கள் அவ்வேடுகளில் ஓரிரு பக்கங்களுக்குமேல் இடம்பெற்றதில்லை. இவ்வினாக்களை அரிப்பு என்னும் ஊரை நடுவாக வைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

'அரிப்பு' என்னும் சொல் தமிழிற் பல பொருள் தரும். நீரிலிட்டு அலசிக் கல்லும் மணலும் நீக்கி வேண்டியதைப் பிரித்தெடுத்தல் ஒரு பொருள். சல்லடையிலிட்டுச் சலித்தெடுத்தல் மற்றொரு பொருள். நீரும் காற்றும் ஒன்றைச் சிறிது சிறிதாகத் தின்று தேய்த்தல் இன்னொரு பொருள். இம்மூன்று தொழில்களும் இவ்வூரின் வரலாற்றில் வெவ்வேறு காலங்களில் நிகழ்ந்துள்ளமை நோக்கற்பாலது. சிப்பியின் அழுகலை அலசி முத்தெடுத்ததும், எடுத்த முத்தைச் சல்லடையிற் சலித்துத் தரம் பிரித்ததும் முற்காலத்தன. கடல் கரையைத் தின்பது இற்றைநாட் காட்சி.

அரிப்பும் முத்துச் சலாபமும்

மன்னாருக்குத் தெற்கே, அருவியாறு கடலொடு கலக்கும் இடத்தை அடுத்து அமைந்த சிற்றூர் அரிப்பு. முசலிப் பிரிவைச் சேர்ந்த இவ்வூருக்குத் தெற்கே சிலாவத்துறை, கொண்டச்சி, மறிச்சுக்கட்டி ஆகிய கரையூர்கள் வரிசையாக உள்ளன. இவற்றுக்கு மேற்கே ஆழங்குறைந்த கடலில் சிப்பி தங்கி வளரும் பாறைத்திட்டுகள் பரந்து கிடக்கின்றன. அவற்றைத் தமிழர் 'பார்' என்றனர். பெரிய பார், செவல் பார், மோதரகம் பார், முத்துவாரத்துப் பார் என அவை பெயர் பெற்றன. ஒல்லாந்தரும் பிரித்தானியரும் தத்தம் மொழியில் இதற்கு ஈடான சொல்லைத் தேடாது, 'பார்' என்னும் தமிழ்ச் சொல்லையே தம் அறிக்கைகளிற் கையாண்டனர். இக்கடலைப் பற்றிய அறிவு எவரிடமிருந்து எவருக்குச் சென்றது என்பதற்கு இச்சொல்லே தக்க சான்றாகும்.

இக்கரையின் முத்து மிகப் பழைமையான புகழ் உடையது. கிரேக்க, உரோம ஆசிரியர்கள் பாண்டிநாட்டுக் கொற்கையின் முத்தையும் இலங்கையின் முத்தையும் குறிப்பிட்டுள்ளனர். ஆறாம் நூற்றாண்டைச் சார்ந்த வராகமிகிரரின் பிருகத் சங்கிதை முத்து விளையும் இடங்களை எண்ணுமிடத்துச் சிங்களத்தையும் பாண்டிநாட்டையும் சேர்த்தே எண்ணுகின்றது. 1344 ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த இபுன் பதூதா ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தபோது அம்மன்னனின் முத்துக்களைக் கண்டதாக எழுதியுள்ளார். சிலப்பதிகாரத்து ஊர்காண் காதை மதுரை மணிவணிகரின் தெருவைப் பாடுமிடத்து, காற்று, மண், கல், நீர் என்னும் நான்கினால் முத்துக்கு நேரும் குற்றங்களைச் சுட்டி, அவை நீங்கிய முத்துக்களைச் சிறப்பிக்கின்றது. முத்து பிறக்கும்போதே குற்றமற்றுப் பிறப்பதில்லை என்பதையும், குற்றம் ஆராய்ந்து நீக்குதல் வணிகரின் தொழிலிற் பகுதியாக இருந்தது என்பதையும் இதனால் உய்த்துணரலாம்.

அரிப்பில் போத்துக்கேயர் சிறு கோட்டை ஒன்றை அமைத்தனர். 1658 இல் அது ஒல்லாந்தர் வசமாயிற்று. கண்டி அரசனின் சிறையினின்று தப்பி ஓடிய றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், ஏறத்தாழ இருபது ஆண்டுக் காவலுக்குப் பின் 1679 ஒக்ரோபரில் தம் தோழரோடு இக்கோட்டையை வந்தடைந்தார் என்பது வரலாறு அறிந்ததே. அக்கோட்டை படைவலியைக் காட்டுவதற்காக எழுந்ததன்று. முத்துப் பார்களைக் காப்பதே அதன் தலையாய பணியாக இருந்தது.

1796 இல் இலங்கையின் கரையோரம் பிரித்தானியர் கைக்கு வந்தது. ஏறத்தாழ மூன்று பதிற்றாண்டுகள் குளிக்கப்படாது கிடந்த பார்களில் சிப்பி நிறைந்திருந்தது. 1796, 1797, 1798 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து முத்துக்குளிப்பு நடந்தது, வருவாய் பெருகிற்று. ஆயின் அடுத்த ஆண்டுகளிற் பார்கள் வெறுமையுற்றன. இவ்வாறு ஒருகாற் பெருகுவதும் பலகாற் பொய்ப்பதுமாகவே பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் சலாபம் அமைந்தது. 1837 இன் பின் 1855 வரையும், 1891 இன் பின் 1903 வரையும் நீண்ட இடைவெளிகள் நேர்ந்தமை இதற்கு எடுத்துக்காட்டாகும்.

சிப்பியிலிருந்து முத்துக்கு

மாசி, பங்குனி மாதங்களிற் கடல் அமைதியுறும். அக்காலத்தில் மனித நடமாட்டம் அரிதான அம்மணற்கரையில் ஓலைக்குடிசைகளாலான நகரொன்று சில நாள்களில் எழும். கீழக்கரை, தொண்டி, இராமேசுவரம், தூத்துக்குடி ஆகிய இடங்களினின்று குளிப்போர் வருவர். யாழ்ப்பாணத்தாரும் பாரசீக வளைகுடாவின் அராபியரும் வருவர். சுறாவின் வாயை மந்திரத்தாற் கட்டுவோர் எனக் கருதப்பட்ட 'கடல்கட்டி' இன்றிக் குளிப்போர் நீரில் இறங்க மறுப்பர். காலிற் கல்லைப் பிணைத்து, ஐந்து முதல் பத்துப் பாகம் வரையான ஆழத்திற்கு இறங்கி, ஏறத்தாழ ஒரு நிமிடத்திற்குள் கைக்கு எட்டிய சிப்பிகளைக் கூடையில் இட்டு மேலெழுவது அவர்தம் தொழில்.

கரைக்கு வந்த சிப்பிகள் 'கொட்டு' எனப்படும் வேலியடைப்புகளிற் குவிக்கப்படும். வணிகர் அவற்றை ஏலத்தில் எடுத்துத் தம் இடங்களில் வைத்து அழுகவிடுவர். ஒரு வாரம் பத்து நாள் கழிய, இறைச்சி கரைந்து புழுவும் நாற்றமுமான நிலையில், அவற்றை வள்ளங்களிலிட்டுக் கடல்நீர் வார்த்து அலசுவர். ஓட்டை அகற்றி, மிதப்பதை வடித்து, அடியில் தங்கிய மணலை மீண்டும் மீண்டும் அரித்து முத்தைத் தேடுவர். அரிப்போர் கையை வாயருகே கொண்டு செல்லலாகாது என்பது கடுமையான விதி. எவரேனும் முத்தை விழுங்கிவிட்டார் என்ற ஐயம் எழுந்தால், வாந்தி மருந்தும் பேதி மருந்தும் கொடுத்து அவர்தம் வயிற்றைச் சோதித்தனர் என்று, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இலங்கையிற் பணியாற்றிய படை அதிகாரி றொபேட் பேர்சிவல் 1803 இல் வெளியான தம் நூலில் எழுதுகின்றார். இச்செய்தியை இங்கு நினைவில் வைத்தல் வேண்டும். விழுங்கப்பட்ட முத்தைப் பற்றிய வேறொரு கதை பின்னர் வரும்.

கிடைத்த முத்துக்கள் பத்துப் பித்தளைச் சல்லடைகளால் தரம் பிரிக்கப்பட்டன. ஒவ்வொன்றும் சிறு தட்டம் போன்றது. 20, 30, 50, 80, 100, 200, 400, 600, 800, 1000 என்னும் எண்களால் அவை குறிக்கப்பட்டன. எண் பெருகப் பெருகத் துளை சிறுக்கும். அளவு பிரிந்தபின் வடிவும் ஒளியும் நோக்கப்படும். உருண்டு திரண்டு ஒளி நிறைந்தது ஆணிமுத்து. எல்லாவற்றுக்கும் கடையில் நிற்பது தூள்.

விலை மதிப்பிடும் முறை தனிச்சிறப்பு உடையது. மஞ்சாடியால் எடை பார்த்து, அவ்வெடையின் வர்க்கத்தை அடிப்படையாகக் கொண்டு மதிப்பைக் கணிப்பர். நான்கு மஞ்சாடி எடையுள்ள முத்து ஒரு மஞ்சாடி முத்தைப்போல் நான்கு மடங்கன்று, பதினாறு மடங்கு மதிப்புடையது. இக்கணக்கு மெருகேற்றற் கலையின் பொருளாதாரத்தை விளங்கிக்கொள்ள இன்றியமையாததாகும்.

துளையிடலும் மெருகிடலும்

பேர்சிவலின் நூலில் முத்தைத் துளையிடும் கருவி பற்றிய விளக்கம் ஒன்று உளது. ஏறத்தாழ ஆறு அங்குல நீளமும் நான்கு அங்குல அகலமும் கொண்டு, தலைகீழாக நிறுத்திய கூம்பு போன்ற மரக்கட்டை ஒன்று. பன்னிரண்டு அங்குல உயரமான மூன்று கால்கள் அதனைத் தாங்கும். அதன் தட்டையான மேற்பரப்பில் முத்தை இருத்துவதற்குக் குழிகள் உண்டு. சிறிய முத்துக்களைச் சிறு மரச்சுத்தியலாற் குழியினுள் தட்டி இறுக்குவர். வில்லாற் சுழற்றப்படும் கதிரூசியே துளையிடும் கருவி. தொழிலாளி இடக்கையால் ஊசியின் தலையை அழுத்திக்கொண்டு வலக்கையால் வில்லை இயக்குவார். அருகிலுள்ள தேங்காய்ச் சிரட்டை நீரில் வலக்கைச் சிறுவிரலைத் தோய்த்து முத்தை இடையிடையே நனைப்பார். வில் நில்லாதவாறே விரல் நீருக்குச் சென்று மீளும் அவ்விரைவு நீண்ட பயிற்சியால் அன்றி வாராது எனப் பேர்சிவல் வியந்துள்ளார். கொழும்புப் புறக்கோட்டையில் இத்தொழில் செய்வோரை நாளும் காணலாம் என்பதும் அவர் தரும் செய்தி.

அவ்விடத்திலேயே இக்கட்டுரைக்கு வேண்டிய குறிப்பும் கிடைக்கின்றது. முத்தைத் துப்புரவாக்கி, உருட்டி, மெருகிடுவதற்கு முத்தினாற் செய்த தூளே பயன்பட்டது என அவர் கூறுகின்றார். ஒரு வரியிற் கூறி அகன்ற இச்செய்தி ஆழ்ந்த தொழிலறிவைச் சுட்டுவதாகும். முத்து மென்மையான பொருள். மணலோ கல்லின் பொடியோ கொண்டு தேய்த்தால் அதன் மேற்பரப்பிற் கீறல் விழும். தன் வன்மையே உடைய பொடியால் தேய்க்கும்போது, துருத்தி நிற்கும் மேடுகள் மட்டும் தேய்ந்து பரப்பு சமமாகும். விலைபோகாத முத்தின் பொடி விலைபெறும் முத்துக்கு ஒளி கொடுத்தது. ஆதலின் சல்லடையின் கடைசித் தட்டில் விழுந்த தூளும் வீணாகவில்லை. முத்தைச் சுட்டுப் பற்பமாக்கி மருந்தாகப் பயன்படுத்தும் வழக்கம் சித்த மருத்துவத்தில் இன்றும் உண்டு.

முத்தைத் தூய்மை செய்வது குறித்து வடமொழி நூல்களிலும் குறிப்புகள் உள. ஐயத்திற்குரிய முத்தை உப்பும் நெய்ப்பும் கலந்த வெந்நீரில் ஓரிரவு வைத்து, உலர்ந்த துணியில் நெல்லோடு சேர்த்துத் தேய்க்க வேண்டும் என்றும், நிறம் மாறாதது இயற்கை முத்து என்றும் கருட புராணம் கூறுகின்றது. இது மெய்ம்மை தேறும் சோதனையாகச் சொல்லப்பட்டதாயினும், நெல்லின் உமி மென்மையான தேய்பொருள் என்பதை நோக்கின், சோதனையும் துப்புரவும் ஒரே செயலாக நிகழ்ந்தமை புலனாகும்.

ஒளி மங்குவது ஏன்?

முத்தின் பெரும்பகுதி கல்சியம் காபனேற்று. அது மிக நுண்ணிய தகடுகளாக அடுக்கி வைக்கப்பட்டு, தகடுகளுக்கு இடையே புரதத்தாலான ஒட்டுப்பொருள் நிரவப்பட்டுள்ளது. ஒரு தகட்டின் தடிப்பு மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கினும் குறைவு. மேல்தகட்டிலும் அதன் கீழுள்ள தகடுகளிலும் பட்டுத் திரும்பும் ஒளிக்கதிர்கள் ஒன்றோடொன்று கலப்பதாலேயே முத்துக்கு உள்ளிருந்து ஒளிர்வது போன்ற தோற்றம் கிடைக்கின்றது. மனித வியர்வையின் அமிலம் காபனேற்றைக் கரைக்கும். வறட்சி ஒட்டுப்பொருளை உலர்த்திச் சுருக்கும். தூசு பரப்பைக் கீறும். மேற்பரப்பு கரடுமுரடானதும் ஒளி ஒழுங்காகத் திரும்பாது சிதறுகின்றது. மங்கல் என்பது இச்சிதறலே. உள்ளே ஒளி அழிந்துவிடவில்லை. மேலே அதன் வழி அடைபட்டுவிட்டது.

இதே நிகழ்ச்சியை இற்றைநாளில் மன்னார் வீதியில் ஓடும் பழைய மோட்டார் வாகனங்களின் முன்விளக்குகளில் காணலாம். முற்காலத்து முன்விளக்குகள் கண்ணாடியால் ஆனவை. 1980 களிலிருந்து பொலிகாபனேற்று என்னும் பிளாஸ்ரிக்கு அவ்விடத்தைப் பெற்றது. எடை குறைந்தது, உடையாதது, எவ்வடிவிலும் வார்க்கத்தக்கது என்பன அதன் சிறப்புகள். ஆயினும் ஞாயிற்றின் புறஊதாக் கதிர் அதனைத் தாக்கும். அதனைத் தடுக்கப் பூசப்பட்ட காப்புப்படை சில ஆண்டுகளிற் சிதைந்ததும், மேற்பரப்பு மஞ்சள் பாரித்து நுண்வெடிப்புகள் கொள்ளும். மணற்காற்று வீசும் கரையோரத்திற் கீறலும் சேரும். இரவிற் சாலையில் விழவேண்டிய ஒளி விளக்கின் முகத்திலேயே சிதறிப்போகும். வாகனம் திருத்துவோர் இதனைச் சீராக்கும் முறை எளியது. அரத்தாளை நீரில் நனைத்து, முதலில் 800 ஆம் எண்ணும் பின்னர் 1500, 2000 ஆம் எண்களுமாக மென்மை கூடும் வரிசையில் தேய்ப்பர். ஒவ்வொரு தாளும் முன்னைய தாளின் கீறலை அழிக்கும். இறுதியில் மெருகுப்பசை இட்டுத் துடைப்பர். பற்பசை கொண்டு தேய்ப்போரும் உளர். அதிலுள்ள மென்மையான தேய்பொருளே அங்குப் பயன்படுகின்றது.

நீரில் தோய்ந்த சிறுவிரலும் நனைந்த அரத்தாளும், சல்லடையின் எண்வரிசையும் தாளின் எண்வரிசையும், முத்துத் தூளும் மெருகுப்பசையும் ஒப்புநோக்கத் தக்கன. இவை ஒன்றிலிருந்து ஒன்று தோன்றியன என்பது கருத்தன்று. தேய்ந்த பரப்பை ஒழுங்காக்குவதற்கு மனிதன் கண்ட வழி எக்காலத்தும் ஒன்றே என்பதே கருத்து. வெளியிலிருந்து ஒளியைக் கொணர்ந்து பூசுதல் அன்று அது. கெட்டுப்போன மேற்படையை அகற்றுதல். ஆதலின் ஒவ்வொரு மீட்பிலும் ஓர் இழப்பு உண்டு.

ஆயினும் இரண்டுக்குமிடையே ஒரு வேறுபாடும் உண்டு. தேய்த்த முன்விளக்குக்குப் புதிய காப்புப்படை பூசாவிடின் சில மாதங்களில் அது மீண்டும் மங்கும். இழந்த காப்பு தானாக வாராது. இயற்கை முத்துக்கோ மேற்படைக்குக் கீழும் அதே தன்மையுடைய படை உண்டு. மையம் வரை அது ஒளிப்படைகளாலேயே ஆனது. அதனாலேயே மங்கிய முத்தின் 'தோலுரித்து' அடுத்த படையை வெளிக்கொணரும் வேலையைத் தேர்ந்த கைவினைஞர் செய்ய முடிந்தது.

சேவல் விழுங்கிய முத்து

முத்துக்கு ஒளி மீட்கும் முறைகளுள் உலகெங்கும் பரவிய கதை ஒன்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கிலச் செய்முறைத் திரட்டுகளில், இலங்கையர் மங்கிய முத்தைக் கோழிக்கு உண்ணக் கொடுத்து, சிறிது நேரத்தில் அதனைக் கொன்று முத்தை எடுப்பர் என்றும், அம்முத்து புத்தொளி பெற்றிருக்கும் என்றும் எழுதப்பட்டது.

இக்கதை அந்நூற்றாண்டிற் பிறந்ததன்று. எகிப்திற் கிடைத்து இப்பொழுது ஸ்ரொக்ஹோமிலுள்ள கிரேக்கப் பப்பைரசு ஏடு ஒன்று, கி.பி. மூன்றாம் அல்லது நான்காம் நூற்றாண்டைச் சார்ந்தது. உலோகம், மணி, சாயம் பற்றிய செய்முறைகள் பல அதில் அடங்கியுள்ளன. பயன்பாட்டால் மங்கி அழுக்குற்ற முத்தை இந்தியர் மாலையிற் சேவலுக்குக் கொடுத்து, காலையில் அதன் எச்சத்தில் தேடி எடுப்பர் என்றும், அது முன்னைய வெண்மைக்குக் குறையாத வெண்மை பெறும் என்றும் அவ்வேடு கூறுகின்றது. ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு ஆண்டு இடைவெளியில் ஒரே செய்தி இருமுறை தோன்றுகின்றது. இருமுறையும் அது தொலைவிலுள்ள மக்களின் வழக்கமாகவே கூறப்படுகின்றது.

இதனை எவ்வாறு மதிப்பிடுவது? வேதியியல் நோக்கிற் கதை பொருளற்றதன்று. பறவையின் இரைப்பையில் அமிலம் உண்டு. அரைப்பையில் கல்லும் மணலும் உண்டு. அமிலம் மேற்படையைக் கரைக்க, அரைப்பு அதனைத் தேய்க்கும். அகற்றுவதால் ஒளி மீட்கும் அதே முறைதான் இது. ஆனால் தொழிலாளியின் விரல் எங்கே நிறுத்துவது என அறியும். சேவலின் வயிறு அறியாது. ஓரிரவு முழுதும் அமிலத்திற் கிடக்கும் முத்து எடை குறைந்தே வெளிவரும். எடையின் வர்க்கத்தால் விலை மதித்த சந்தையில் இக்குறைவு சிறிதன்று. நான்கு மஞ்சாடி முத்து மூன்று மஞ்சாடியாயின், பதினாறு என்னும் மதிப்பு ஒன்பதாகச் சரியும். எடையிற் காற்பங்கு இழந்த முத்து மதிப்பில் பாதிக்கு அண்மையாக இழந்துவிடும். மஞ்சாடி கொண்டு எடை போட்டு வாழ்ந்த வணிகன் தன் ஆணிமுத்தைச் சேவலிடம் ஒப்படைக்கத் துணிந்திருப்பான் எனக் கொள்வது அரிது.

தொழிலாளரின் பட்டறையைக் கண்டு எழுதிய பேர்சிவல், துளையிடலையும் மெருகிடலையும் விளக்கும் பகுதியில் முத்துத் தூளைக் கூறுகின்றார், சேவலைக் கூறவில்லை. ஆகவே கண்டோர் எழுதியது தூளையும், கேட்டோர் எழுதியது சேவலையும் என முடிவு கொள்வது பொருந்தும். மேலைநாட்டு வாசகரிடையே நிலைத்தது எது என்பது சிந்திக்கத்தக்கது. வில்லும் ஊசியும் சிரட்டை நீரும் கொண்டு ஒருவர் ஆண்டுக்கணக்கிற் பயின்ற திறன் மறக்கப்பட்டது. கீழைநாட்டாரின் விந்தை என்ற அளவிற் சேவற்கதை நின்றது. முத்தை விழுங்கினான் என ஐயுற்று மருந்து ஊட்டப்பட்ட கூலியாளின் கதையும் அவ்வாறே மறைந்தது.

சலாபத்தின் மங்கல்

1901 இல் அரசு பேராசிரியர் வில்லியம் ஹேட்மன் என்னும் ஸ்கொட்லாந்து விலங்கியலாளரை அழைத்துப் பார்களின் நிலையை ஆராயப் பணித்தது. 1902 இல் அவர் இங்கு ஆய்வு நிகழ்த்தினார். அவருடன் வந்த ஜேம்ஸ் ஹோர்னெல் இங்கேயே தங்கி ஆய்வைத் தொடர்ந்தார். 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகளாக இலண்டன் வேத்தியற் கழகம் அவர்தம் அறிக்கையை வெளியிட்டது. 1903 இல் சலாபம் மீண்டும் தொடங்கிற்று. 1905 இல் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசின் வருவாய் ஏறத்தாழ 25 இலட்சம் ரூபாவாக உயர்ந்தது. அவ்வெற்றியின் மயக்கத்தில், 1906 இல் ஆண்டுக்கு 3,10,000 ரூபா வாடகைக்கு இருபது ஆண்டுக் குத்தகையாகப் பார்கள் இலண்டன் நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைக்கப்பட்டன. 1907 உடன் பார்கள் வறண்டன, நிறுவனமும் நிலைக்கவில்லை. 1906 ஆம் ஆண்டுச் சலாபத்தில் இளம் அதிகாரியாகப் பணியாற்றிய லெனாட் வுல்ப் பின்னர் அதனைப் பின்னணியாக்கிச் சிறுகதை ஒன்று எழுதினார். 1925 இல் மீண்டும் ஒருமுறை குளிப்பு நடந்தது. அதன்பின் அத்தகைய பெருஞ்சலாபம் இக்கரையில் நிகழவில்லை.

இதே காலத்தில் யப்பானில் மிக்கிமோட்டோ கோக்கிச்சி 1893 இல் அரைக்கோள முத்தை வளர்ப்பதில் வெற்றி கண்டார். 1920 களின் தொடக்கத்தில் உருண்டை வடிவான வளர்ப்பு முத்துக்கள் ஐரோப்பியச் சந்தையை அடைந்தன. கண்ணுக்கு இயற்கை முத்தோடு ஒத்திருந்த அவற்றை உள்ளமைப்பால் மட்டுமே வேறுபடுத்த இயன்றது. சிப்பியோட்டிலிருந்து கடைந்த மணியொன்று நடுவிலும், அதன்மேல் மெல்லிய ஒளிப்படை ஒன்றுமாக அவை அமைந்தவை. வளர்ப்பு முத்து இயற்கை முத்தின் விலையை வீழ்த்தியது என்பது பலரும் கூறுவது. அது மெருகேற்றற் கலையையும் பொருளற்றதாக்கியது என்பது அத்துணை கவனிக்கப்படவில்லை. மெல்லிய படையைத் தோலுரித்தால் வெளிப்படுவது இன்னொரு முத்தன்று, வெறும் மணியே. ஆதலின் புதிய முத்து பெரும்பாலும் ஐதரசன் பரவொட்சைட்டு முதலியவற்றால் முன்னரே வெளுக்கப்பட்டுச் சந்தைக்கு வந்தது. மங்கியபின் மீட்கப்படுவது அதன் இயல்பன்று. படையை அறிந்து படையை அகற்றும் கைக்கு அங்கு வேலை இல்லாமற் போயிற்று.

சுண்ணமும் கடலும்

அரிப்பின் வரலாற்றில் ஒளி மங்கிய பொருள் முத்து மட்டுமன்று. பிரித்தானியரின் முதல் தேசாதிபதியான பிரெடெரிக் நோர்த் 1801 க்கும் 1804 க்கும் இடையே இங்கு மாளிகை ஒன்றைக் கட்டுவித்தார். கிரேக்க டொறிக் பாணியில் அமைந்தமையால் அது டொறிக் மாளிகை எனப் பெயர் பெற்றது. 1804 ஆம் ஆண்டுச் சலாபத்தைக் கண்டு எழுதிய மதகுருவான ஜேம்ஸ் கோடினர், 1807 இல் வெளியான தம் நூலில் அம்மாளிகையைப் பெரிதும் புகழ்ந்து, அதன் அமைப்பைத் தேசாதிபதியே வரைந்தார் என்கின்றார். செங்கற் சுவர்களின்மேல் சிப்பிச் சுண்ணத்தை அரைத்துப் பூசிப் பளிங்குபோல் மெருகிட்டிருந்தனர். முத்தை ஈன்ற சிப்பியின் ஓடே, முத்தின் வருவாயை எண்ணியவரின் சுவருக்கு ஒளி தந்தது. அவ்வோடுகள் இக்கரையில் மேடுகளாகக் குவிந்து கிடந்தமையை 1859 இல் எமர்சன் ரெனன்ற் தம் இலங்கை நூலிற் குறித்துள்ளார்.

அம்மெருகு இப்பொழுது இல்லை. சுண்ணம் உதிர்ந்து செங்கல் வெளிப்பட்டுள்ளது. அலையின் அரிப்பினால் கரை தளர, மாளிகையின் பகுதிகள் கடலை நோக்கிச் சரிந்துள்ளன. அதனைச் சூழ்ந்த மக்களின் வாழ்வும் தேய்வுக்குத் தப்பவில்லை. 1990 ஒக்ரோபரில் வடமாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது முசலிப் பகுதியின் ஊர்கள் பல வெறுமையாயின. பின்னர் 2007 இல் போரினால் இக்கரையின் தமிழரும் இடம்பெயர்ந்தனர். மக்கள் அகன்ற ஊரில் தொழிற்சொற்களும் வாய்மொழிச் செய்திகளும் அகன்றுவிடும். மீண்டு வந்தோர் மீன்பிடியையும் பயிரையும் மீட்க முயன்றனர். பாட்டன் காலத்துக் கொட்டையும் மஞ்சாடியையும் நினைவுகூர்வோர் அருகினர்.

இடிந்த மாளிகைக்கு மீண்டும் சுண்ணம் பூசிப் புதிதாக்குவதே வரலாற்றைக் காப்பது என்பார் உளர். கரை காக்கப்பட வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் தேசாதிபதியின் மாளிகையை மட்டும் ஒளிரச் செய்வது, ஏற்கெனவே ஒளி மிகுந்த பக்கத்தையே மேலும் துலக்குவதாகும். வருவாய்க் கணக்கும் விந்தைக் கதையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, குளித்தோர், அரித்தோர், துளைத்தோர், மெருகிட்டோர் ஆகியோரின் உழைப்பை மறைத்துள்ளன. அவர்தம் பெயர்கள் ஏடுகளில் இல்லை. எனினும் அவர்தம் சொற்களான பார், கொட்டு, மஞ்சாடி ஆகியன அந்நியரின் ஏடுகளிலும் நிலைத்துவிட்டன. அச்சொற்களைத் தொகுத்தலும், கீழக்கரை முதல் அரிப்பு வரை இன்னும் உயிரோடிருக்கும் முதியோரின் நினைவைப் பதிதலும், ஒல்லாந்த, ஆங்கில ஆவணங்களைத் தொழிலாளரின் பக்கம் நின்று மீளப் படித்தலும் பல்கலைக்கழக மாணவர் இப்பொழுதே மேற்கொள்ளத்தக்க பணிகளாம். படையறிந்து தேய்ப்பவர்க்கே முத்து ஒளி தந்தது. வரலாற்றாய்வாளர்க்கும் அவ்வறிவு வேண்டும்; எதை அகற்றுவது, எங்கே நிறுத்துவது என அறியாது தேய்ப்பின், மறைத்த படையோடு மறைந்த பொருளும் போய்விடும்.